பத்து நிமிசம் படுத்துப் பாருங்க்கா

படுத்தாச்சு. ஐம்பத்தேழு வயசுல, பட்டப்பகல் பதினொன்றரை மணிக்கு, கோயமுத்தூர்ல மலையேறச் சாமான் விக்கற ஒரு கடைக்கு நட்டநடுவுல, சேலையைக் கணுக்கால் வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு, ஆரஞ்சுக் கலர் காத்து மெத்தை மேல மல்லாக்கப் படுத்தாச்சு. பக்கத்துல இவர். என் வீட்டுக்காரர் சென்னியப்பன். செருப்பைக் கழட்டி ஓரமா ஜோடி சேர்த்து வெச்சுட்டு, சட்டைப் பையில இருந்த பேனாவை எடுத்துக் கடைக்காரன் கையில குடுத்துட்டு, ஆபரேசனுக்குப் படுக்கற ஆளு மாதிரி ரெண்டு கையையும் வயித்து மேல கோத்துக்கிட்டுப் படுத்திருக்காரு. பேனா குத்தி மெத்தை ஓட்டையாயிருமாம். கடைக்காரன் சொல்லல, இவராக் கண்டுபுடிச்சது. "பத்து நிமிசம் அசையாமப் படுத்துப் பாருங்க்கா, அப்பத்தான் உடம்புக்குத் தெரியும்" அப்படின்னு சொல்லிட்டு அந்த ஃபெரோஸ் கல்லாப் பக்கம் போயிட்டான். நாப்பது வயசு இருக்கும், தாடியும் மீசையுமா, சுவத்துல பனிமலை மேல கொடி புடிச்சுட்டு நிக்கற போட்டோ வேற. மலை ஏறுனவனெல்லாம் மெத்தை விக்கறதுக்கு வந்துட்டான். உடம்புக்குத் தெரியறதுக்கு எதுக்கு பத்து நிமிசம்? என் இடுப்புக்கு ரெண்டு செகண்ட் போதும். மொதல்ல ஒரு பச்சை மெத்தை போட்டுக் காட்டுனான், தானா ஊதிக்குமாம், வால்வைத் திறந்து வெச்சா உள்ள இருக்கிற ஸ்பாஞ்சே காத்தை இழுத்துக்குமாம். இழுத்துச்சு, அரைமணி நேரம். படுத்தேன், இடுப்பெலும்பு நேராத் தரையில போயி உக்காந்துருச்சு. அடுத்தது ஒரு வெள்ளி கலர். அதுல மூச்சு விட்டாலே மொறுமொறுங்குது, சிப்ஸ் பாக்கெட் மேல படுத்த மாதிரி. இது மூணாவது. இது டபுள். டபுள் வேணும்னு யாரும் கேக்கல. அவனா எடுத்து விரிச்சான், அவனா பம்பை வெச்சு ஊதுனான், "ரெண்டு பேருமே படுங்க" அப்படின்னான். நாங்களும் படுத்தோம். என்னமோ தினமும் சேர்ந்து படுக்கறவங்க மாதிரி.

இதெல்லாம் எங்க பொண்ணு நித்திலாவோட வேலை. பெங்களூர்ல மாப்பிள்ளையோட உக்காந்துக்கிட்டு போன்லயே எல்லாத்தையும் முடிவு பண்ணிட்டா. ஜனவரி மூணாவது வாரம் வட்டவடை, மலை மேல ரெண்டு ராத்திரி, டெண்ட்டுல. டெண்ட் அவங்க குடுப்பாங்களாம், மெத்தை மட்டும் நாம கொண்டு போகணுமாம். "நல்லாக் கதகதப்பா மெத்துனு இருக்கறதாப் பாத்து வாங்கும்மா, ராத்திரி அஞ்சு டிகிரிக்கு இறங்கிரும். அப்பாவையும் கூட்டிட்டுப் போயி படுத்துப் பாத்து வாங்கு. உங்க ரெண்டு பேருக்கும் ஒரு டெண்ட், எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு, பத்தடி தள்ளித்தான்." வீட்டுல கட்டில் இருக்கு, மெத்தை இருக்கு, கதவு சன்னல் எல்லாம் இருக்கு, இதையெல்லாம் விட்டுட்டு மலை உச்சியில போயி துணிக்குள்ள நடுங்கிட்டுக் கிடக்கறதுக்குப் பேரு லீவாம். வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். முட்டி வலி, பிரஷர், பக்கத்து வீட்டுல கிரகப்பிரவேசம், சொல்றதுக்கா காரணம் இல்ல? ஆனா "உங்க ரெண்டு பேருக்கும் ஒரு டெண்ட்" அப்படின்னு அவ சொன்னப்ப சரின்னு மட்டும் சொல்லிப் போனை வெச்சுட்டேன். எதுக்குச் சரின்னேன்னு அவளுக்குத் தெரியாது. அவ ஊருக்கு வர்ற நாள்ல இவர் ஹால்ல கிரிக்கெட் பாத்துக்கிட்டே திவான்ல தூங்கிப் போயிட்டதா ஒரு ஏற்பாடு. ஏற்பாடுன்னா நாங்க பேசி வெச்சதில்ல. பேசற வழக்கம் இருந்தாத்தானே பேசி வெக்கறதுக்கு. ஆறு வருசம். இந்த மாசியோட ஆறு வருசம் ஆகுது, நான் உள்ள, அவர் ஹால்ல. இது எங்க பொண்ணுக்குத் தெரியாது, என் தங்கச்சிக்குத் தெரியாது, பாத்திரம் தேய்க்கற சரசுக்கு மட்டும் தெரியும், ஹால்ல தலகாணி மடிப்பைப் பாத்திருப்பா.

அவர் மூக்கு உறிஞ்சறாரு. மெத்தை மொத்தமும் ஆடுது. இதுதான் டபுள்ல இருக்கிற கோளாறு, ஒரே அறை, ஒரே காத்து, அங்க அமுங்குனா இங்க தூக்கும். ஒன்பதாம் கிளாஸ்ல பாஸ்கல் விதின்னு நான் நடத்துனது. முப்பத்தியோரு வருசம் பெண்கள் பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ் நடத்திட்டு, இந்த ஃபெரோஸ்கிட்ட இன்னைக்குப் படுக்கறதுக்கு முன்னாடி வெப்பம்னா என்னன்னு பாடம் கேக்க வேண்டியதாப் போச்சு. "இதுக்கு ஆர் வேல்யூ அஞ்சுங்க்கா, நல்லா ஹீட் குடுக்கும்" அப்படிங்கறான். மெத்தை எப்படிப்பா ஹீட் குடுக்கும்? அதுக்குள்ள என்ன அடுப்பா எரியுது? உன் உடம்புச் சூட்டைத் தரை திருடிட்டுப் போகாமப் பாத்துக்கும், அவ்வளவுதான் அதோட வேலை. வெறும் காத்தை அடைச்சு வெச்சா அதுவும் பண்ணாது, புரளப் புரள உள்ள காத்து கலங்கி சூடெல்லாம் கீழ போயிரும். உள்ள தடுப்பு வெச்சு, நடுவுல வெள்ளித் தாள் வெச்சாத்தான் நிக்கும். இதைச் சொன்னா "செம்மையாச் சொல்றீங்க்கா" அப்படின்னு பல்லைக் காட்டறான். இவரோ அதுக்குள்ள அந்தப் பச்சை மெத்தையை வாயில வெச்சு ஊத ஆரம்பிச்சுட்டாரு. தானா ஊதிக்கற மெத்தையை! மூஞ்சி செவசெவன்னு ஆகி, கண்ணு பிதுங்கி. "அண்ணா அண்ணா, வாயில ஊதாதீங்க, எச்சில் ஈரம் உள்ள போயி பூஞ்சை புடிச்சுக்கும்" அப்படின்னு ஃபெரோஸ் ஓடி வந்து பிடுங்குனான். சொல்றதுக்கு முன்னாடி ஆரம்பிச்சர்றது, அதுதான் இவரு. முப்பத்தஞ்சு வருசம் ஸ்பின்னிங் மில்லுல சூப்பர்வைசர். மெஷின் ஓடற சத்தத்துல யாரு சொல்றதும் காதுல விழாது, அதனால யாரையும் கேக்காமப் பண்ணிப் பண்ணிப் பழகிருச்சு.

ஊருல எவனுக்குத்தான் வேலை தெரியுது. எலக்ட்ரீசியன் தங்கராசுன்னு ஒருத்தன், எங்க வீட்டு ஃபேன் ரெகுலேட்டரை ரெண்டு தடவை மாத்திட்டான், இன்னும் சரியாகல. ராத்திரி நான் நாலுல வெச்சுட்டுப் படுப்பேன், காலையில பாத்தா ரெண்டுல நிக்கும். "நல்லாத்தான் இருக்குதுங்க டீச்சர்" அப்படின்னு தலையைச் சொறியறான். நல்லா இருந்தா எப்படிப்பா தானா இறங்கும்? ஃபேன் ஓடற அதிர்வுல திருகு தளர்ந்து கொஞ்சம் கொஞ்சமா நழுவுதுன்னு அவனுக்குப் படம் போட்டுக் காட்டினேன். தொடர் அதிர்வு, உராய்வு குறையறது, எல்லாம் சொன்னேன். "நழுவாதுங்க டீச்சர்" அப்படிங்கறான் மறுபடியும். எட்டாவது ஃபெயிலு, என்கிட்ட வாதம். வெளிய போடான்னுட்டேன். இப்படித்தான், என் வாய்க்குப் பயந்து பாதி ஊரு ஒதுங்கிப் போகும். போகட்டும். ஸ்டாஃப் ரூம்ல நான் உள்ள வந்தா சிரிக்கத் தயாரா உக்காந்திருப்பாங்க, மங்கை டீச்சர் இன்னைக்கு யாரைப் புடிச்சிருக்காங்களோன்னு. மங்கையர்க்கரசின்னு பேரு வெச்சதுக்கு வாய்க்கரசின்னு வெச்சிருக்கலாம்னு எங்கப்பாவே சொல்லுவாரு. கோபியில இவரு தங்கச்சி மக கல்யாணத்துல அடிச்சேனே ஒரு அடி, மண்டபமே அதிர்ந்துருச்சு. முதல் நாள் ராத்திரி எல்லாரும் மேல் ஹால்ல ஜமுக்காளத்தை விரிச்சு வரிசையாப் படுத்திருந்தோம், ஆம்பளைங்க அந்த ஓரம், பொம்பளைங்க இந்த ஓரம். காலையில காப்பி குடிக்கறப்ப இவரு சித்தப்பா, "சென்னியப்பன் குறட்டையில ஒருத்தனும் கண்ண மூடல, நீ எப்படிம்மா இவன் பக்கத்துல காலம் தள்றே?" அப்படின்னாரு. விடுவேனா? "ஸ்பின்னிங் மில்லாவது ஷிப்ட் முடிஞ்சா நிக்கும். இதை நிறுத்தறதுக்கு ஸ்விட்ச்சே இல்லீங்க. எந்த ராத்திரி இவரு வேற ரூமுக்குப் போறாரோ அன்னைக்குத்தான் எனக்குத் தீபாவளி." அவ்வளவுதான். இவரு தங்கச்சிக்குக் காப்பி புரையேறிருச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கூட வந்து என்னன்னு கேட்டு மறுபடியும் சொல்ல வெச்சாங்க. மறுபடியும் சொன்னேன். இவரும் சிரிச்சாரு. டம்ளரைக் கையில புடிச்சுட்டு, எல்லாரோடயும் சேர்ந்து நல்லாத்தான் சிரிச்சாரு.

ஆரஞ்சு மெத்தை இப்ப முதுகுல லேசா சூடாகுது. பரவாயில்ல, தரைச் சில்லு வரல. ஆனா ரொம்பக் கல்லு மாதிரி ஊதி வெச்சிருக்கான், கொஞ்சம் காத்தை விட்டாத்தான் இடுப்பு அமுங்கும். கடைக்குள்ள காலேஜ் பசங்க ரெண்டு பேர் ஷூ போட்டுப் பாத்துட்டு இருக்கானுங்க, அவனுங்க காலு என் தலைக்கு ரெண்டடி தள்ளி நடக்குது. என்கிட்டப் படிச்ச புள்ளை எவளாவது இப்ப உள்ள நுழைஞ்சா என்ன ஆகும்? "டீச்சர், நீங்களா?" அப்படிங்கும். முப்பத்தியோரு வருச மரியாதை இந்த டைல்ஸ் மேல கிடக்கும். அதுகூடப் பரவாயில்ல. பயம் அது இல்ல. இவரு வாசனை அடிக்குது. விபூதி, தேங்காயெண்ணெய், ரிட்டயர் ஆகியும் போகாத அந்த மெஷின் ஆயில். ஆறு வருசமா இதை நான் சோத்துத் தட்டு வெக்கிற தூரத்துலதான் மோந்திருக்கேன், தலகாணி தூரத்துல இல்ல. ஒரு நாள் தலகாணியைத் தூக்கிட்டு ஹாலுக்குப் போனாரு. "முதுகு புடிச்சுக்குது, திவான்தான் தேவலை" அப்படின்னாரு. சரின்னேன். முதுகுமில்ல ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியும். எல்லா ஆம்பளைங்களும் அப்படித்தான், ரிட்டயர் ஆனதும் பொண்டாட்டி சலிச்சுப் போயிருவா, போன் இருக்கு, டிவி இருக்கு. போனா போகட்டும், எதுக்குப் போறீங்கன்னு கேக்கறதுக்கு எனக்கென்ன தலையெழுத்தா? கேட்டா நான் தாழ்ந்து போயிருவேன். ஒரு வாரம் இருக்கும்னு நினைச்சேன், அப்புறம் ஒரு மாசம், அப்புறம் எண்ணறதை விட்டுட்டேன். எண்ணறதை விட்டுட்டேன்னு சொல்றது பொய்யி. இப்ப மலை மேல, அஞ்சு டிகிரியில, ஜிப்பை இழுத்துச் சாத்திட்டா ஹால் கிடையாது. ரெண்டு பேரும் என்ன பண்றது? என்ன பேசறது? இவரு முதுகைக் காட்டிப் படுத்துட்டா? மூஞ்சியைக் காட்டிப் படுத்துட்டா? அதை நினைச்சா எனக்கு நெஜமாவே பயமா இருக்கு, பிளஸ் டூ மொதல் கிளாஸ் எடுக்கப் போன அன்னைக்குக் கூட இப்படி இல்ல.

ஃபெரோஸ் வந்து குத்தவெச்சு உக்காந்தான். கையில ஒரு அட்டை, அதுல என்னமோ படம்.

"எப்படிங்க்கா இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு."

"காத்து விட்டுக்கலாங்க்கா. நீங்க எப்படித் தூங்குவீங்க? சைடு வாங்கியா, நேராவா? அதை வெச்சுத்தான் எத்தனை இஞ்சுன்னு பாக்கணும்."

நேராத்தான், அசைய மாட்டேன், படுத்த இடத்துல எந்திரிப்பேன் அப்படின்னு சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள இவரு, கண்ணை மூடுன மேனிக்கே, ரொம்பச் சாதாரணமா, மில்லுல எந்த மெஷின்ல எத்தனை நூல் கதிருன்னு சொல்ற மாதிரி சொல்றாரு.

"இடது பக்கமாத் தம்பி. வலது காலை மடக்கி வயித்துக்கிட்டக் கொண்டு வந்துருவா, இடுப்பு பூரா எடை அந்தப் பக்கந்தான். மொதல் தூக்கத்துல வேர்க்கும், போர்வையை உதைச்சுத் தள்ளிருவா. நாலு மணிக்கு மேல நடுங்குவா. போர்வை காலுகிட்டக் கிடக்கும், ஆனா எந்திரிச்சு எடுக்கத் தெரியாது அவளுக்கு, அப்படியே சுருண்டுக்குவா. நாலு மணிக்குத் தாங்கற மாதிரி மெத்தையாக் குடுங்க."

நாலு மணி. என்னது நாலு மணி? நாலு மணிக்கு நான் நடுங்கறது எனக்கே தெரியாதே. எனக்குத் தெரிஞ்சு நான் நடுங்கினதே இல்ல. காலையில எந்திரிக்கறப்ப போர்வை தோள் வரைக்கும் இருக்கும், நான் ஒழுங்காத் தூங்கற ஆளுன்னு நானே மெச்சிக்குவேன். போர்வை தோள் வரைக்கும். ஃபேன் ரெண்டுல. அடக் கடவுளே. தொடர் அதிர்வு. உராய்வு குறையறது. தங்கராசுக்குப் படம் போட்டு வேற காட்டினேனே! மில்லுல இவரு வேலை எனக்குத் தெரியாததா, நைட் ஷிப்ட்டுல ரெண்டு மணிக்கு ஒரு ரவுண்டு, நாலு மணிக்கு ஒரு ரவுண்டு, டார்ச்சைப் புடிச்சுட்டு ஒவ்வொரு மெஷினாப் போயி பேரிங் மேல பொறங்கையை வெச்சுச் சூடு பாக்கறது. ரிட்டயர் ஆகியும் ராத்திரி எந்திரிச்சு நடக்கறது கேக்கும், கேஸை மூடினமான்னு பாக்கறாரு, கேட்டைப் பூட்டினமான்னு பாக்கறாருன்னு நினைச்சுட்டு இருந்தேன், கிறுக்குன்னு நினைச்சுட்டு இருந்தேன். ரெண்டு ரெகுலேட்டர் மாத்தினேன், இந்த மனுசன் ஸ்டூலைப் புடிச்சுட்டுப் பக்கத்துலயே நின்னாரு, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னாரா? முப்பத்தியோரு வருசம் பிசிக்ஸ் நடத்துனவளுக்கு, திருகு திரும்பி இருந்தா ஒரு கை திருப்பியிருக்கும்னு தோணல. எட்டாவது ஃபெயில் ஆனவனுக்குத் தோணியிருக்கு.

"அப்ப டபுளேவா, இல்ல ரெண்டு சிங்கிளாப் போட்டுரலாங்களாண்ணா?" ஃபெரோஸ் கேட்டான். என்னைக் கேக்கல, இவரைக் கேட்டான், விவரம் தெரிஞ்ச ஆளுன்னு.

"ரெண்டு சிங்கிளே குடுங்க தம்பி. அவளுது நல்ல கனமா இருக்கட்டும், எனக்கு அந்தப் பச்சையே போதும். ராத்திரி நான் கார்ல கூடப் படுத்துக்குவேன், என் குறட்டைக்குப் பக்கத்துல அவளுக்குத் தூக்கம் வராது." அப்புறம் சிரிச்சாரு. கண்ணைத் திறந்து, கடைக்காரனைப் பாத்து, நல்லாத்தான் சிரிச்சாரு. "மில்லாவது ஷிப்ட் முடிஞ்சா நிக்கும். நம்முளுதுக்கு ஸ்விட்ச்சே இல்லீங்களே!"

ஃபெரோஸும் சிரிச்சான். கோபி மண்டபத்துலயும் இப்படித்தான் சிரிச்சாங்க. வார்த்தை மாறாம வெச்சிருக்காரு. ஒரு எழுத்து மாறாம ஆறு வருசம் வெச்சிருந்திருக்காரு, எடுத்து இந்தத் தாடிக்காரன்கிட்டச் சொல்றாரு, என்னமோ அவரே கண்டுபுடிச்ச ஜோக் மாதிரி. அந்தக் கல்யாணம் எந்த மாசம்? மாசி. தலகாணியைத் தூக்கிட்டுப் போனது எந்த மாசம்? எந்த ராத்திரி வேற ரூமுக்குப் போறாரோ அன்னைக்குத் தீபாவளி. ஊருக்கு முன்னாடி ரெண்டு தடவை சொன்னேன், மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குக் கேக்கலைன்னு சத்தமா வேற. சொன்னதைச் செஞ்சிருக்காரு. கேட்டுட்டு, சிரிச்சுட்டு, வீட்டுக்கு வந்து எனக்குத் தீபாவளி குடுத்திருக்காரு. நான் இங்க உள்ள படுத்துக்கிட்டு, சலிச்சுப் போச்சு இந்த ஆளுக்கு, போகட்டும்னு ஆறு வருசம் வீம்பு புடிச்சுக் கிடந்திருக்கேன். த்தூ. நீயெல்லாம் ஒரு வாத்தியாரு. நீயெல்லாம் ஊரு உலகத்துல எவனுக்கும் வேலை தெரியலேன்னு சொல்ல வந்துட்டே. உன் வாய் எங்க போயி யாரை வெட்டுச்சுன்னு உனக்கே தெரியல, அது வெட்டின ஆளு நாலு மணிக்கு வந்து உனக்குப் போர்வை போத்திட்டுப் போயிருக்கான். வெக்கமா இருக்கு. டியூப் லைட்டைப் பாத்துக்கிட்டுக் கிடக்கேன், கண்ணுல தண்ணி வந்தா இந்த ஃபெரோஸ் டிஷ்யூ வேற நீட்டுவான்.

ஏதாவது சொல்லணும். ஆறு வருசத்துக்கு இப்பச் சொல்லணும், வீட்டுக்குப் போயிட்டாச் சொல்ல மாட்டேன், என்னை எனக்குத் தெரியும், படியேறறதுக்குள்ள அரிசி தீந்து போச்சான்னு கேட்டுருவேன். மன்னிச்சுக்கங்கன்னு சொல்ற வாய் எனக்கு இல்ல. இருக்கிற வாயிலதான் சொல்லணும். அன்னைக்கு ஊருக்கு முன்னாடி சொன்னேன், இன்னைக்கும் ஆளுக இருக்கட்டும்.

"டபுள் குடுப்பா" அப்படின்னேன்.

ஃபெரோஸ் முழிச்சான். "டபுள்னா ஒரு விசயம் சொல்லிர்றேங்க்கா. ஒருத்தர் புரண்டா இன்னொருத்தருக்கு ஆடும்."

"ஆடட்டும்."

"மங்கை," இவரு தலையைத் திருப்பாமச் சொன்னாரு, "உனக்குத் தூக்கம் வராது."

"வராட்டிப் போகுது." கடை பூராக் கேக்கற மாதிரி, பழைய கிளாஸ் ரூம் குரல்ல சொன்னேன். ஷூப் பசங்க கூடத் திரும்பிப் பாத்தானுங்க. "நாலு மணிக்கு ரவுண்ட்ஸ் வர்ற ஆளுக்கு நடையாவது மிச்சமாகும்."

யாரும் சிரிக்கல. யாருக்கும் புரிஞ்சிருக்காது. ஃபெரோஸ் என் மூஞ்சியையும் அவர் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பாத்தான். இவரு வயித்து மேல கோத்திருந்த கை பிரிஞ்சு, ஒரு கை எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மெத்தை மேல வந்து விழுந்துச்சு. அதோட பொறங்கை என் மணிக்கட்டுல பட்டுக்கிட்டு அப்படியே இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல மெத்தை லேசா ஆட ஆரம்பிச்சுது. அவரு புரளல. சிரிக்கறாரா அழுகறாரான்னு நான் திரும்பிப் பாக்கல.

"பத்து நிமிசம் ஆயிருச்சுங்க்கா," ஃபெரோஸ் மெல்லமாச் சொன்னான், "எந்திரிச்சுக்கறீங்களா?"

"எங்க உடம்புக்கு இன்னும் தெரியல," அப்படின்னேன், "நீ போயி உன் வேலையைப் பாரு."